ஒஜாராவின் மெட்டு

படம் ஊருக்கு வருகிறது என்ற செய்தியைக் கொண்டுவந்தவன் பொங்கோமின். கிடேகாவின் குழுவில் சுரைக்குடுக்கையைச் சைக்கிள் கம்பியால் தட்டித் தாளம் போடுகிறவன். தாளம் தவறினாலும் தவறும், அவன் வாயிலிருந்து வம்பு தவறாது. கிடேகா எள் வயலில் குனிந்து களை எடுத்துக்கொண்டிருந்தான். பொங்கோமின் வயலோரத்தில் நின்றபடியே கத்தினான்.

"டேய் நடிகா, எழுந்து நில்லுடா. வர்ற சனிக்கிழமை உன் படத்தை நம்ம மாதாகோயில் கூடத்துல போடறாங்களாம். ஜெனரேட்டர், வெள்ளைத் துணி எல்லாம் கிட்கும்லேந்து வருதாம். ஆளுக்கு ஒரு சோடா வேற."

"எந்தப் படம்?"

"எந்தப் படமா? ஏழெட்டுப் படம் நடிச்சுட்டியோ? அந்த மாரிட் அம்மா எடுத்ததுதான். வெளிநாட்டுல எங்கேயோ பரிசு வாங்கிடுச்சாம். அதனால எடுத்த ஊருக்கே கொண்டுவந்து காட்டணும்னு ஆசைப்படறாங்களாம்."

"இங்க போடவே மாட்டோம்னு சொன்னாங்களே."

"சொன்னாங்க. இன்னைக்கு மழை வரும்னுகூடத்தான் ரேடியோவுல சொன்னாங்க."

பொங்கோமின் சிரித்துக்கொண்டே போய்விட்டான். கிடேகா எள் செடியையும் களையையும் சேர்த்துப் பிடுங்கிக்கொண்டிருந்தான். அது தெரிய அவனுக்குக் கொஞ்ச நேரம் ஆனது. பதின்மூன்று வருடமாகப் பெண்டாட்டி அச்சிரோவிடம் சொல்லாத ஒன்றை அந்தப் படத்தில் அவன் சொல்லியிருந்தான். அச்சிரோவின் அண்ணனைக் கொன்றவர்களில் அவனும் ஒருவன்.

எங்கள் ஊர் தே-ஒலாமில் யாரைக் கேட்டாலும் கிடேகாவைப் பற்றி நல்லபடியாகத்தான் சொல்வார்கள். குடிக்க மாட்டான், கை நீட்ட மாட்டான், கல்யாணமோ சாவோ, கூப்பிட்டால் லுகெமேயைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவான். மரப்பெட்டியில் இரும்பு நாக்குகளைப் பதித்த சின்ன வாத்தியம் அது. கட்டைவிரல் இரண்டும்தான் வேலை செய்யும். அவன் வாசித்தால் கிழவிகள்கூட எழுந்து ஆடுவார்கள். வீட்டோடு மாப்பிள்ளை என்று ஆண்கள் கேலி செய்வதுண்டு. காட்டிலிருந்து திரும்பி வந்தவனுக்குச் சொந்த அண்ணன்மாரே நிலம் தரவில்லை என்பதும் எல்லோருக்கும் தெரியும். அதனால் கேலியைக் கொஞ்சத்தில் நிறுத்திக்கொள்வார்கள்.

பதினொரு வயதில் காட்டுக்காரர்கள் அவனைப் பிடித்துக்கொண்டு போனார்கள். அரசாங்கத்தோடு சண்டை போட்டவர்களுக்கு இங்கே அதுதான் பெயர். பிடித்த பிள்ளைகளை இடுப்பில் கயிறு போட்டு இரண்டிரண்டாகப் பிணைத்து நடத்தினார்கள். கிடேகாவோடு பிணைத்தது பதின்மூன்று வயது ஒஜாராவை. அஸ்வா ஆற்றுக்கு அந்தப் பக்கம் தே-ஒலாம், அப்பா பெயர் சாந்தோ, எட்டு வயதில் ஒரு தங்கச்சி, வாசலில் இரண்டு ஷியா மரம் என்று எல்லாவற்றையும் அவன் நடந்துகொண்டே சொல்லிவிட்டான். பேசாமல் நடக்க அவனுக்கு வராது.

அவன் இடுப்பில் ஒரு கொம்பு செருகியிருந்தான். முன்பெல்லாம் எங்கள் பக்கத்தில் பையன்கள் தலையெடுத்ததும் ஆளுக்கொரு கொம்பு செய்து, ஆளுக்கொரு மெட்டும் கட்டிக்கொள்வார்கள். அந்த மெட்டை வேறு ஒருவன் ஊதினால் அடிதடிதான். இருட்டில் எங்கேயோ கொம்புச் சத்தம் கேட்டால், வருவது இன்னார் மகன் என்று வீட்டிலிருந்தே சொல்லிவிடுவார்கள். செத்தவனின் மெட்டை யாரும் ஊதுவதில்லை. அகதி முகாம்களில் அடைந்து கிடந்த காலத்தில் இந்தப் பழக்கம் முக்கால்வாசி போய்விட்டது. சாந்தோ மட்டும் மகனுக்குக் கொம்பு செய்து கொடுத்திருந்தார்.

கொம்பைக் காட்டுக்காரர்கள் முதல் நாளே பிடுங்கி உடைத்தார்கள். மெட்டை எப்படிப் பிடுங்குவது? காவலுக்கு நிற்கிறவன் அசந்த நேரத்தில் ஒஜாரா இரண்டு கையையும் குவித்து அதற்குள் மெதுவாக ஊதுவான். ஏழே சுரம், கடைசியில் ஒரு இறக்கம். அதற்கு வார்த்தையும் உண்டு: அம்மா தண்ணி வை, ஆத்தைத் தாண்டிட்டேன். இதைக் கேட்டதும் அவன் அம்மா குளிக்கத் தண்ணீர் சுட வைத்துவிடுவாளாம். மகன் வாசலுக்கு வந்து சேரும்போது தண்ணீர் பதமாக இருக்குமாம்.

இருபத்திரண்டாம் நாள் ஒஜாரா கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடினான். மதியத்துக்குள் பிடித்துவிட்டார்கள். புதுப் பிள்ளைகள் ஒன்பது பேரை வட்டமாக நிறுத்தி ஆளுக்கொரு தடியைக் கொடுத்தார்கள். கயிற்றில் கூட இருந்தவன்தான் தொடங்க வேண்டும் என்று தளபதி சொன்னான். மாட்டேன் என்றால் அந்த வட்டத்துக்கு நடுவில் இரண்டு பேர் கிடப்பார்கள். கிடேகா தொடங்கினான். இதற்கு மேல் சொல்ல எனக்கு மனமில்லை, அவனும் யாரிடமும் சொன்னதில்லை.

எட்டு வருடம் கழித்துத் தப்பி வந்தான். சொந்த ஊரில் வழக்கப்படி வாசலில் முட்டை வைத்து மிதிக்கச் சொன்னார்கள். வெளியே ஒட்டியதெல்லாம் வெளியே போகட்டும் என்பதற்காக. காலைத் தூக்குவதற்கு முன்னால் குலத்துப் பெரியவர் ஒருவர் கேட்டார். "அங்க நடந்ததை நாங்க கேக்க மாட்டோம். ஆனா பேர் தெரிஞ்ச, ஊர் தெரிஞ்ச யாரையாவது கொன்னியா? அப்படின்னா அது முட்டையோட போகாது. ரெண்டு குலமும் உக்காந்து பேசணும்." இல்லை என்று கிடேகா தலையாட்டினான். முட்டை உடைந்தது. எல்லோரும் கை தட்டினார்கள்.

பேசுவதென்றால் சும்மா பேச்சில்லை. கொன்றவன் குலமும் செத்தவன் குலமும் அதுவரை ஒரே பானையில் சாப்பிடக்கூடாது, ஒரே ஊற்றில் தண்ணீர் எடுக்கக்கூடாது, பெண் கொடுத்து எடுக்கக்கூடாது. மீறினால் வீட்டில் பிள்ளை தங்காது. குற்றத்தை ஒத்துக்கொண்டு, இரண்டு பக்கமும் மண்டியிட்டு ஒரே குடுக்கையில் கசப்பு வேர்ச் சாற்றைக் குடித்தால்தான் அது தீரும்.

அந்தப் பொய் அவனைத் தூங்கவிடவில்லை. மூன்று வருடம் பொறுத்துப் பார்த்துவிட்டு, சொல்லிவிடுவது என்று முடிவு செய்து அஸ்வாவைத் தாண்டி தே-ஒலாமுக்கு நடந்தான். இரண்டு ஷியா மரமும் அப்படியே நின்றன. சாந்தோ மரவள்ளி தோண்டிக்கொண்டிருந்தார். அவர் பெண்டாட்டி முகாமிலேயே இறந்துபோயிருந்தாள். வந்தவன் யாரென்று சாந்தோ கேட்கவில்லை.

"ஐயா, ஒரு விஷயம் சொல்ல வந்தேன்."

"விஷயம் எங்க ஓடிடப் போகுது? மொதல்ல சாப்பிடு. வெறும் வயித்துக்காரன் பேச்சை இந்த வீட்டுல யாரும் கேக்கறதில்ல."

அச்சிரோ கேழ்வரகுக் களியும் எள் அரைத்துவிட்ட புளிச்சகீரையும் கொண்டுவந்து வைத்தாள். இரண்டு நாள் பட்டினி. சொல்லாமலே சாப்பிட உட்காருகிற தப்பை எங்கள் பக்கத்து ஆள் தவிர வேறு யாரும் செய்திருக்க மாட்டார்கள். எழுந்து நின்று, சொல்லிவிட்டுத்தான் சாப்பிடுவேன் என்று சொல்லியிருக்கலாம். சோறு வைத்த வீட்டில் அப்படிச் சொல்ல யாருக்கு வாய் வரும்? சாந்தோவோடு ஒரே தட்டில் கை வைத்துச் சாப்பிட்டான். சாப்பிட்டு முடித்ததும் சொல்ல முடியாமல் போய்விட்டது. மகனைக் கொன்ற கையோடு ஒரே தட்டில் சாப்பிட்டீர்கள் என்று எந்த வாயால் சொல்வது? நிலம் தோண்ட ஆள் வேண்டுமா என்று கேட்டான்.

பிறகு நடந்தது எல்லா வீட்டிலும் நடப்பதுதான். தோண்ட வந்தவன் தங்கினான், லுகெமே வாசித்தான், அச்சிரோ சிரித்தாள், மூன்றாம் வருடம் கல்யாணம் ஆனது. மூத்தவள் லாமாரோ. அடுத்தது பையன். மச்சான் பெயரை வைக்கலாம் என்று யாரோ சொன்னபோது, "அந்தப் பேருக்கு ஆள் இருக்கான், வருவான்" என்று சாந்தோ மறுத்துவிட்டார். ஓபியோ என்று வைத்தார்கள். எட்டாம் மாதம் காய்ச்சலில் ஓபியோ போய்விட்டான். காய்ச்சலில் எத்தனையோ வீட்டில் பிள்ளைகள் போகின்றன. கிடேகா மட்டும் அன்றிலிருந்து தட்டில் கை வைக்கும் ஒவ்வொரு வேளையும் அதை நினைத்தான்.

இந்த நிலைமையில்தான் படம் எடுக்க வெளிநாட்டிலிருந்து மாரிட் வந்து சேர்ந்தாள். காட்டில் துப்பாக்கி தூக்கிய பையன் இப்போது பாட்டுக்காரன். அவளுக்கு அது பிடித்துப்போய்விட்டது. மொழிபெயர்க்கக் குலு நகரத்திலிருந்து ஓபோல் என்ற இளைஞனைக் கூட்டிவந்திருந்தாள். மூன்று வாரம் கிடேகா களை எடுப்பதை, களி தின்பதை, வாசிப்பதை எல்லாம் எடுத்தார்கள். பல் விளக்குவதைக்கூட விடவில்லை. கடைசி வாரம் ஆற்றங்கரையில் உட்கார வைத்து, மறக்க முடியாதது எது என்று கேட்டாள். படம் அவர்கள் நாட்டுக்கு மட்டும்தான், இங்கே காட்ட மாட்டோம் என்று ஏற்கெனவே சொல்லியிருந்தாள். அவளுக்கு இங்கே உறவு கிடையாது, குலம் கிடையாது, அவளோடு ஒரே பானையில் சாப்பிட வேண்டிய அவசியமும் கிடையாது. கிடேகா சொல்லிவிட்டான். ஒஜாரா என்ற பெயரோடு சொன்னான். அவன் தன் பெண்டாட்டியின் அண்ணன் என்பதை மட்டும் விழுங்கிவிட்டான். சொல்லி முடித்து வெகுநேரம் அழுதான். அழுகையோடு விரல்கள் லுகெமேயில் எதையோ தட்டிக்கொண்டிருந்தன. அதை அவன் கவனிக்கவில்லை. கேமரா கவனித்தது.

பொங்கோமின் செய்தி சொன்ன மறுநாள் கிடேகா வாடகை மோட்டார் சைக்கிளில் கிட்கும் டவுனுக்குப் போனான். ஓபோல் ஒரு ஓட்டலில் கோழிக்கறி சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

"வாங்கண்ணே, நட்சத்திரமே. உக்காருங்க, சாப்பிடுங்க."

"சாப்பிட வரலை. மொதல்ல நான் சொல்றதைக் கேளு." பதினாறு வருடம் முன்னால் இதைச் சாந்தோவிடம் சொல்லியிருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டான். "ஆத்தங்கரையில நான் பேசினது படத்துல இருக்கா?"

"இருக்காவா? அதுதாண்ணே படத்தோட உசுரே. அங்க உக்காந்து பாக்கற வெள்ளைக்காரங்க எல்லாம் கண்ணைத் தொடைக்கிறாங்க."

"அதை எடுத்துடணும்."

"எப்படிண்ணே? பரிசு வாங்கின படம்."

"ஒஜாரா என் மச்சான். என் பெண்டாட்டிகூடப் பொறந்தவன்."

ஓபோல் கையிலிருந்த துண்டைத் தட்டில் வைத்தான். நகரத்தில் வளர்ந்தவன் என்றாலும் அவனும் எங்கள் ஆள்தான். அதற்கு என்ன அர்த்தம் என்று அவனுக்கு யாரும் மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை.

"இதை ஏண்ணே அப்பவே சொல்லலை?"

"சொல்லியிருந்தா அதையும் எடுத்திருப்பீங்க."

ஓபோல் வாசலுக்குப் போய் மாரிட்டோடு போனில் வெகுநேரம் பேசினான். திரும்பி வந்தபோது முகம் தெளிந்திருந்தது. "ஒத்துக்கிட்டாங்கண்ணே. பாவம், ரொம்ப வருத்தப்பட்டாங்க. தே-ஒலாமுக்குன்னு தனியா ஒண்ணு தயார் பண்ணிடுவாங்க. ஆத்தங்கரையில நீங்க பேசினது ஒரு வார்த்தைகூட இருக்காது. என் அம்மா மேல ஆணை."

ஓபோல் சொன்ன சொல்லைக் காப்பாற்றினான். அதையும் எழுதித்தான் ஆக வேண்டும்.

கிடேகா சோப்பும் ஒரு கிலோ சர்க்கரையும் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தான். வரும்போதே பாட்டு. அச்சிரோ கடலை உடைத்துக்கொண்டிருந்தாள்.

"என்ன லாமாரோ அப்பா, சர்க்கரை எல்லாம் பலமா இருக்கு? படத்துல ஏதாவது பொண்ணோட ஆடியிருக்கீங்களா? இப்பவே சொல்லிடுங்க, அங்க போய்ப் பாத்துட்டு மானம் போகக்கூடாது."

"ஆடினேன். பொங்கோமினோட."

"அதுக்கு ஏதாவது பொண்ணே தேவலாம்," என்று சொல்லிவிட்டுச் சிரித்தாள். அன்று அவன் இரண்டாம் தடவை களி வாங்கிச் சாப்பிட்டான். பல வருடத்துக்குப் பிறகு தட்டில் ஒன்றையும் நினைக்காமல் சாப்பிட்டது அன்றுதான்.

சனிக்கிழமை மூன்று மணிக்கே கூடம் நிறைந்துவிட்டது. வெளிச்சம் வராமலிருக்க ஜன்னல்களில் போர்வை கட்டியிருந்தார்கள். உள்ளே ஒரே புழுக்கம். அச்சிரோ நல்ல உடுப்பைப் போட்டுக்கொண்டு லாமாரோவை மடியில் வைத்துக்கொண்டாள். சாந்தோவுக்குக் கண்ணில் பூ விழுந்து நான்கு வருடம். வெள்ளைத் துணியில் ஏதோ அசைவது தெரியும், அவ்வளவுதான். ஆனாலும் பழைய கோட்டை மாட்டிக்கொண்டு முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தார். "எனக்குக் காது போதும்," என்றார். மாரிட் எல்லோருக்கும் கை கூப்பிவிட்டு, ஊர்க்காரர்கள் முகத்தை எடுக்க ஒரு கேமராவோடு ஓரத்தில் நின்றாள்.

முகம் தெரிந்த ஆள் திரையில் வரும்போதெல்லாம் கூடம் கூச்சல் போட்டது. பொங்கோமின் வந்தபோது, "டேய், குடுக்கையை விட உன் தலை பெரிசா தெரியுதுடா" என்று யாரோ கத்தினார்கள். அவன் எழுந்து நின்று கும்பிட்டான். பிறகு ஆறு வந்தது. கிடேகா சோடா பாட்டிலைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டான். திரையில் அவன் கரையில் வந்து உட்கார்ந்தான், வாயைத் திறந்தான், உடனே வேறு இடம் வந்துவிட்டது. ஏதோ கல்யாணம், எல்லோரும் ஆடினார்கள். அவன் மூடியைத் திறந்து சோடாவைக் குடித்தான். சூடாகத்தான் இருந்தது, ஆனாலும் நன்றாக இருந்தது.

படம் முடிந்தது. மறுபடியும் ஆறு, ஆள் இல்லாத கரை, மேலே வரிசையாக எழுத்துகள் ஏறிப் போயின. சனங்கள் எழுந்து உடுப்பைத் தட்டிக்கொண்டார்கள். அந்த எழுத்துகளுக்குப் பின்னால் லுகெமே ஒலித்தது. ஏழு சுரம், கடைசியில் ஒரு இறக்கம். மறுபடி ஏழு சுரம். வார்த்தையைத்தான் வெட்டச் சொன்னார்கள்; இது வெறும் சங்கீதம், அதுவும் நல்ல சங்கீதம், அதனால் இருக்கட்டும் என்று விட்டிருக்கிறார்கள். ஓபோலையும் சொல்லிப் பயனில்லை. முகாமில் பிறந்து நகரத்தில் வளர்ந்த பிள்ளைக்குக் கொம்பைப் பற்றி என்ன தெரியும்.

சாந்தோ எழுந்தார்.

"தண்ணி வைங்க," என்றார்.

தாகம் என்று நினைத்துப் பக்கத்திலிருந்தவர் சோடாவை நீட்டினார். சாந்தோ அதைத் தள்ளிவிட்டார். "தண்ணி வைங்க. ஆத்தைத் தாண்டிட்டான். இது ஒஜாரா."

வெளியே கிளம்பியவர்கள் திரும்பி நின்றார்கள். வயசானவர்கள் இரண்டு மூன்று பேர் காதைக் கொடுத்துக் கேட்டுவிட்டுத் தலையாட்டினார்கள். ஆமாம், சாந்தோ மகன் மெட்டுத்தான். அச்சிரோ திரும்பிப் புருஷனைப் பார்த்தாள். எல்லோர் முகத்திலும் ஆச்சரியம் இருந்தது. அவன் முகத்தில் மட்டும் இல்லை. அவளுக்கு வேறு எதுவும் தேவைப்படவில்லை.

மாரிட் கேமராவைத் தூக்கிக்கொண்டு முன்னால் வந்தாள். பெரியவர் என்ன சொல்கிறார், பாட்டு பிடித்திருக்கிறதா என்று ஓபோலைக் கேட்டாள். ஓபோல் கையால் கேமராவை மறைத்தான்.

சாந்தோ தடவிக்கொண்டே வந்து மாப்பிள்ளையின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

"இது உங்க வாசிப்புத்தானே மாப்பிள்ளை? இந்த மெட்டை எங்க கேட்டீங்க?"

"காட்டுல, மாமா."

"யார் ஊதினா?"

"ஒரு பையன்."

"ஒசரமா? வாயை மூடாம பேசிக்கிட்டே இருப்பானே?"

"ஆமா மாமா."

"நீங்க பாக்கும்போது உசுரோட இருந்தானா?"

ஒரு மனிதன் எத்தனை தடவைதான் தப்புச் செய்வான்? கூடம் முழுக்க அவனையே பார்த்தது. "இருந்தான் மாமா," என்றான். அது பொய்கூட இல்லை. ஊதும்போது ஒஜாரா உயிரோடுதான் இருந்தான்.

"அவன் பேரு உங்களுக்குத் தெரியாது. தெரிஞ்சிருந்தா என்கிட்ட சொல்லாம இருப்பீங்களா," என்றார் சாந்தோ. அழுதுகொண்டே சிரித்தார். சனங்கள் கை தட்டினார்கள். சிலர் குலவையிட்டார்கள். காட்டிலிருந்து அப்படி இருபது வருடம், இருபத்தைந்து வருடம் கழித்து வந்தவர்கள் உண்டு. போன வருடம்கூடப் பக்கத்து ஊருக்கு ஒருத்தி திரும்பி வந்திருந்தாள்.

வீட்டில் சாந்தோ இரண்டு முறை களி கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். பொழுது சாயும் முன்னே கோட்டைக்கூடக் கழற்றாமல் தூங்கிவிட்டார். அச்சிரோ சமையல் குடிசைக்குப் பின்னால் நின்றாள். கிடேகா அங்கே போனான்.

"எங்க கிடக்கான்?"

"அகோரோ மலைக்கு இந்தப் பக்கம். ஒரு ஓடைக்கரை."

"புதைச்சீங்களா?"

"இல்ல."

"உன் கையா?"

கல்யாணமானதிலிருந்து அவள் அவனை ஒருமையில் பேசியதில்லை. "என் கையும்," என்றான். "என்னைத்தான் மொதல்ல அடிக்கச் சொன்னாங்க. சொல்லத்தான் வந்தேன் அச்சிரோ. அன்னைக்கு நீ சாப்பாடு கொண்டுவந்து வெச்சே."

"நான் வெச்ச சாப்பாட்டுமேல பழி போடாதே."

அவள் அவன் பக்கம் திரும்பினாள்.

"நாலு வருஷமா கேட்டுக்கிட்டிருக்கேன், ஓபியோவுக்கு என்ன ஆச்சு, நான் என்ன தப்புப் பண்ணினேன்னு. உன்கிட்டயே எத்தனை தடவை கேட்டிருக்கேன். நீ என் தலையைத் தடவிக்கிட்டே இருந்தே. உனக்குத் தெரிஞ்சிருக்கு."

"அது காய்ச்சல்."

"அப்படின்னு நீ நம்பறியா? என் மூஞ்சியைப் பாத்துச் சொல்லு."

 அவனும் நம்பவில்லை.

"மாமாகிட்ட சொல்லிடறேன். பெரியவங்களைக் கூப்பிடுவோம். வேர்ச்சாறு குடிச்சுடுவோம்."

"யார் குடிப்பா? உன் பக்கத்துலேந்து யார் வந்து மண்டி போடுவா? உன் அண்ணன்மாருங்களா? நிலத்துல காலே வைக்கக்கூடாதுன்னவங்க உனக்காகப் பழியை ஏத்துக்குவாங்களா? அது போகட்டும். அப்பாவை எப்படிக் கூப்பிடுவே? அவர் இன்னைக்கு ரெண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டார். எங்கம்மா செத்ததுலேந்து அவர் அப்படிச் சாப்பிட்டு நான் பாத்ததில்ல. நீ சொன்னேன்னா நாளைக்குப் பொணமாத்தான் கிடப்பார்." அப்பா தூங்கும் பக்கம் ஒருமுறை பார்த்தாள். "சொல்லக்கூடாது. அவர் இருக்கற வரைக்கும் வாயைத் திறக்கக்கூடாது. எங்கயும் போகவும் கூடாது. போனா ஏன்னு கேப்பார்."

"அப்ப நான் என்ன செய்யறது?"

"இத்தனை வருஷம் என்ன செஞ்சியோ அதையே செய்."

மறுநாள் அவள் சந்தைக்குப் போய்ச் சின்னப் பானை ஒன்று வாங்கி வந்தாள். அவனுக்குத் தனி அடுப்பு, தனிப் பானை. ஊற்றுக்கு அவன் போகக்கூடாது. அவன் குடிக்க ஆற்றுத் தண்ணீர். வயிற்றுக் கோளாறு, வைத்தியர் பத்தியம் சொல்லியிருக்கிறார் என்று அப்பாவிடம் சொல்லிவிட்டாள். லாமாரோவை எந்தப் பானையில் சேர்ப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை. பிள்ளை இரண்டு குலத்துக்கும் சொந்தம். ஒவ்வொரு வேளையும் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு இரண்டு அடுப்புக்கும் நடுவில் கொஞ்ச நேரம் நிற்பாள்.

மாரிட் ஊருக்குப் போவதற்கு முன்னால் நடந்தது தெரிந்து வாசலில் வந்து அழுதுவிட்டுப் போனாள். கெட்டவள் இல்லை. அந்தப் படம் இன்னும் ஏதேதோ ஊரில் ஓடுகிறதாம். எழுத்துகள் ஏறும்போது யாரும் எழுந்து போகாமல் உட்கார்ந்து அந்த இசையைக் கேட்கிறார்களாம். ஓபோல் போனில் சொன்னான். சொல்லியிருக்க வேண்டாம்.

சாந்தோ அந்த மாதம் முழுக்க வேலையாக இருந்தார். ஒரு மானின் கொம்பை எங்கேயோ கேட்டு வாங்கி, கண் தெரியாமல், விரலாலேயே தடவித் தடவிக் குடைந்தார். முடிந்ததும் மாப்பிள்ளையைக் கூப்பிட்டுக் கையில் கொடுத்தார்.

"எனக்கு மூச்சு பத்தலை மாப்பிள்ளை. மெட்டும் அங்கங்க விட்டுப்போச்சு. கடைசியா கேட்டவர் நீங்கதான், உங்க காதுல சரியா இருக்கு. சாயங்காலம் ஆத்துப்பக்கம் திரும்பி ஊதுங்க. வழி மறந்து நிக்கறானோ என்னவோ."

"இன்னொருத்தர் மெட்டை ஊதக்கூடாது, மாமா."

"தெரியும். வந்து கேட்டான்னா நான் பதில் சொல்லிக்கறேன். உங்களை ஒண்ணும் சொல்ல மாட்டான். நீங்க கூட இருந்தவர்."

அன்றிலிருந்து தினமும் சாயங்காலம் கிடேகா ஷியா மரத்தடியில் நிற்கிறான். கல்யாணங்களுக்கு வாசிக்கப் போவதில்லை; லுகெமே கூரையில் செருகிக் கிடக்கிறது. பொங்கோமின் இரண்டு தடவை வந்து கூப்பிட்டுப் பார்த்துவிட்டு விட்டுவிட்டான். கொம்பை வாயில் வைப்பதற்கு முன் கிடேகா ஒருமுறை சமையல் குடிசைப் பக்கம் பார்ப்பான். அங்கே யாரும் அவனைப் பார்க்க மாட்டார்கள். ஏழு சுரம், கடைசியில் ஒரு இறக்கம்.

சாந்தோ வாசலில் உட்கார்ந்து காதைத் திருப்பி வைத்துக்கொள்வார். முதலில் ஆற்றுப் பக்கம். பதில் வராது. பிறகு அடுப்புப் பக்கம். அங்கே பானைச் சத்தம் கேட்க வேண்டும், அவருக்கு அது கேட்காவிட்டால் மனசு ஆறாது. அச்சிரோ எழுந்து, பெரிய பானை நிறைய தண்ணீரை ஊற்றி அடுப்பில் வைப்பாள்.